ஐம்பது நிமிடம்

தேசிய சதுரங்க இறுதிச்சுற்றுக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். எதிராளி கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸுக்குச் சமநிலையாக ஒரு டிரோ போதும். நான் வென்றே ஆகவேண்டும். தொண்ணூற்றேழாம் ஆண்டு, போர்க்காலம் அது. அன்று பார்த்துத்தான் வெள்ளவத்தையில் பஸ்ஸை மறித்து, யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரர்களை மட்டும் இறக்கினார்கள். கொழும்பில் தங்க நாங்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு லொட்ஜில் கிடந்தது. அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, போய் எடுத்துவரச் சொன்னார்கள். ஓடிப்போய்க் கொண்டுவந்து காட்டி அட்டையை மீட்டேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது என் மணிக்கூட்டில் ஐம்பது நிமிடம் போய்விட்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் ஆடாமலே தோல்வி.

“பஸ்ஸை மறிச்சிட்டாங்கள்” என்று மூச்சு வாங்கச் சொல்லி உட்கார்ந்து, ராணிக்குப் பக்கத்து மந்திரியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். ஸ்ரனிஸ்லாஸ் ஆடவில்லை. துறைமுகத்தில் கிளார்க், ஆறுதலான, அவசரப்படாத ஆள். கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். எழுந்துபோய் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. என்னை மதிக்காத திமிர் என்றே நினைத்தேன். நடுவரிடம் முறையிடவும் வழியில்லை. ஓடுவது அவருடைய நேரம்.

ஐம்பது நிமிடம் ஆனதும் அதே சிப்பாயை அவரும் இரண்டு கட்டம் தள்ளினார். அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே நேரம். இவ்வளவு நேரமும் மனதுக்குள் திட்டித் தீர்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகும் மனிதர் விடவில்லை. நான் குதிரையை எடுத்தால் அவரும் குதிரை. நான் மந்திரியை எடுத்தால் அவரும் மந்திரி. எட்டு நகர்வுவரை அப்படியே கொப்பியடித்தார். நன்றி ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

முப்பத்திரண்டாவது நகர்வில் ஆட்டம் சமம். ஆனால் அவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் நாற்பதாவது நகர்வைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. எனக்கோ பதினைந்து நிமிடம் இருந்தது. நான் ஒன்றும் மகான் இல்லை. அவர் நெற்றி வியர்ப்பதைக் கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கோட்டையை நகர்த்தி, “டிரோ?” என்றேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார்.

வாசலில் கேட்டார். “வெல்லுற கேமை ஏன் ஐசே விட்டனீர்?”

“அந்த அம்பது நிமிசம் உம்மட கையில இருந்திருந்தா நீர் தடுமாறியிருக்க மாட்டீர்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “போன வருசம் என்னையும் இப்பிடித்தான் மறிச்சவங்கள். நான் வந்து சேர, எதிராள் பொயின்டை எடுத்துக்கொண்டு போயிட்டான்.”

இறுதிச்சுற்றுக்கு அவர் போனார். நான் திரும்பும் வழியில் அதே இடத்தில் மறுபடி இறக்கினார்கள். அட்டையை நீட்டிவிட்டு வரிசையில் நின்றேன். இந்த ஊரில் எனக்காக ஒருவர் காத்திருந்தார் என்ற நினைப்பே அன்றைக்குப் போதுமாயிருந்தது.