சுதர்ஷினி கேட்டது ஒரு பக்கம்

1

என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டத்து மேட்டு லயத்தில், வரிசை வீடொன்றில் இருக்கும் சுதர்ஷினி, காரின் பெட்ரோல் ஃபில்டரை வீட்டிலேயே ஆபத்தில்லாமல் மாற்றுவது எப்படி என்று எழுதித் தரச் சொன்னாள். அவளுக்கு விஷயம் தெரியும். அவிசாவளையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் ஆறு வருடம் கவுண்டரில் நின்றவள். எழுத்துத்தான் கோணல். "சேர், உங்க எழுத்து அழகா இருக்கும். ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, சங்கக் கட செவுத்துல ஒட்டிடலாம். ஆளாளுக்கு வந்து கேக்குறாங்க" என்றாள்.

நான் இருதயராஜ், தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன். ஒரு பக்கம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை நிற்காது. பதினொரு பக்கம் வந்தது. அதில் ஃபில்டர் ஒன்றரைப் பக்கம். மீதி நான் சேர்த்தது. சேர்த்ததில் ஒரு பொய்யும் இருந்தது. அந்தப் பொய்யை எடுப்பதற்காகத்தான் மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "ரப்பர் இலைகளின் இடையே கதிரவன் தன் பொற்..."

(விட்டுவிட்டேன். அன்றைக்கு வெயிலே இல்லை. ஜூன் மாத மழைக்காலத்துச் சபரகமுவ மாகாணத்தைப் பற்றி எழுதுகிறவன் கதிரவனைக் கூப்பிடுமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.)

தொடக்கம் இரண்டு: "சுதர்ஷினி துணிச்சலான பெண்."

(இதை அவளே பேனாவால் அடித்தாள். "துணிச்சல் எல்லாம் இல்ல சேர். பயந்துகிட்டுத்தான் செஞ்சேன். பயந்ததாலதான் ஒழுங்கா செஞ்சேன்." இதைவிட நல்ல வரி என்னிடம் இல்லை. ஆனால் அவள் சொன்னதை நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ள ஏனோ வெட்கமாயிருந்தது.)

தொடக்கம் மூன்று: "காத்தமுத்துவின் வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண் போய்க்கொண்டிருந்தது."

இது நிற்கும். இந்தக் கதையில் பறிபோகக் கூடியது அதுதான்.

3

காத்தமுத்து, சுதர்ஷினியின் மாமனார். மகன் இந்திரகுமார் கட்டாரில் வேலை. முப்பத்தேழு வருடம் ரப்பர்ப் பால் வெட்டிய மனிதர். இப்போது எதிரில் வருகிறவர் யாரென்று குரலை வைத்துத்தான் சொல்வார். இடது கண்ணுக்குப் புரை எடுக்க ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை திகதி கொடுத்தார்கள். முதல் தடவை மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டது. இரண்டாம் தடவை அம்மன் கோயில் ஏற்றத்தில் கார் நின்றது.

அந்தக் காரின் குணம் அப்படி. சமதரையில் நல்ல பிள்ளை. ஏற்றத்தில் கால் வைத்தால் மூச்சுத் திணறி நின்றுவிடும். சுதர்ஷினி அன்றைக்கே காரணத்தைச் சொன்னாள். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இந்திரகுமார் ஒரு இரும்புப் பீப்பாயில் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தான். வீணாகப் போகிறதே என்று போன வருடம் அதை டாங்கில் ஊற்றியிருந்தாள். துருவெல்லாம் ஃபில்டரில் போய் அடைத்துக்கொண்டது. "அவரோட பயத்தைத்தான் சேர் நான் டாங்க்ல ஊத்திட்டேன்" என்றாள்.

மூன்றாவதாகக் கொடுத்த திகதி, பொசன் போயா என்ற பௌர்ணமிப் பண்டிகைக்கு மறுநாள் காலை ஆறரைக்கு. புது ஃபில்டரை வாங்கி வைத்திருந்தாள். தெஹியோவிட்ட கராஜின் மெக்கானிக் பாஸ் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். போயாவன்று காலையில் அழைத்தால், "அத பே நங்கி" என்றார் சிங்களத்தில். இன்றைக்கு முடியாதாம். தன்சல் என்ற அன்னதானப் பந்தலில் ஆயிரம் பேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். புண்ணியம் செய்கிறவரிடம் கோபப்பட முடியுமா?

(ஆட்டோவில் போகலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தோட்டத்து ஆட்டோ இரண்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு யாத்திரை போயிருந்தன. முதல் பஸ் ஏழரைக்கு. கதைக்காக நான் எல்லா வழியையும் அடைத்ததாக நினைக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் வழிகள் தாமாகவே அடைபடும்.)

சுதர்ஷினி கைப்பேசியை வைத்துவிட்டுப் புது ஃபில்டரைக் கையில் எடுத்தாள். பிறகு, "நானே மாத்துறேன்" என்றாள்.

4

முறையை இப்போது சொல்கிறேன். அவள் திருத்திய பிறகு உள்ளதை மட்டும்.

என் முதல் பிரதியில், "கிளிப்பைக் கழற்றி ஃபில்டரை இழுத்தாள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தேன். வேகம் வேண்டும் என்று நினைத்தேன். அவள் வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"சேர், இதப் படிச்சிட்டு ஒருத்தன் செஞ்சான்னா மூஞ்சியில பீச்சும். லைன்ல ப்ரஷர் நிக்கும். அத எறக்காம கை வைக்கக் கூடாது."

"கதையில் எல்லாத்தையும் சொல்லத் தேவையில்ல சுதா."

"அப்ப கதைய வேற எதப் பத்தியாச்சும் எழுதுங்க."

ஆகவே, ஒவ்வொன்றாக. லயத்து வாசலில் செய்யவில்லை. அங்கே எட்டு வீட்டு அடுப்பு வரிசையாக எரியும். பால் நிறுக்கும் கொட்டகைக்கு அப்பால் காற்றோட்டமான வெளிக்குக் காரைக் கொண்டு போனாள். பெட்ரோல் பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள். குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு அது தானாக அடங்கியது. இன்னுமொரு தடவை சாவியைத் திருப்பி, கிளம்பவில்லை என்று உறுதி செய்தாள். பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினாள். டாங்கின் மூடியைத் திறந்து காற்று வெளியேற விட்டாள். எஞ்சின் ஆறும்வரை ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தாள். (சும்மா இருப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று எழுதச் சொன்னாள்.)

காருக்கு அடியில் போக ஜாக்கை மட்டும் நம்பவில்லை. பாஸின் இரும்புத் தாங்கிகள் இரண்டை முன்னமே இரவல் வாங்கியிருந்தாள். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு நெருப்பணைப்பான். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. காருக்கு அடியில் படுப்பதற்கு முன், பக்கத்தில் நின்ற என்னிடம் திரும்பினாள்.

"சேர், நீங்க மாமா பக்கத்துலயே இருங்க. நான் வெளிய வந்து சொல்ற வரைக்கும் நெருப்பு ஒன்னும் வேணாம்."

இந்த வாக்கியத்தை என் முதல் இரண்டு பிரதிகளிலும் நான் எழுதவில்லை.

5

நெருப்பை ஏன் சொன்னாள் என்றால், வண்டியில் புதுச் சாமான் எது போட்டாலும் காத்தமுத்து சூடம் காட்டாமல் விடமாட்டார். டயர் மாற்றினாலும் சூடம், பல்பு மாற்றினாலும் சூடம். அன்றைக்கும் தட்டும் சூடமும் எலுமிச்சம்பழமுமாகச் சற்றுத் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பெட்ரோல், தீப்பெட்டி, கண் தெரியாத ஒரு மனிதர். எழுதுகிறவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

முதல் பிரதியில் கார் எரிந்தது. சுதர்ஷினி இறந்தாள். தோட்டத்துக் கதை என்றால் கடைசியில் ஒரு சாவு இருந்தாக வேண்டும் என்று எங்கேயோ ஒரு பழக்கம் படிந்துவிட்டது. அவள் வாசித்துவிட்டு, "என்னைய ஏன் சேர் கொன்னீங்க? நல்லாத்தானே இருக்கேன்" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இரண்டாம் பிரதியில் கார் எரியவில்லை. காத்தமுத்து அவசரப்பட்டுத் தானே சூடத்தைக் கொளுத்திக்கொண்டு காரை நோக்கி நடக்கிறார். அடியிலிருந்து சுதர்ஷினி கண்டு நிறுத்துகிறாள். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசித்தேன். "இதுதான் சரி. இப்படித்தான் நடந்துச்சி" என்றாள் அவள். காத்தமுத்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணியை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டார்.

6

நடந்தது இது.

அவள் காருக்கு அடியில் இருந்தாள். பழைய ஃபில்டர் வெளியே வந்தது. பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கீழே வைத்திருந்த பேசின் பாத்திரத்தில் விழுந்தது. புதியதன் அம்புக்குறியை எஞ்சின் பக்கம் பார்க்க வைத்துப் பொருத்தினாள். நான் வேலையில்லாமல் நின்றேன். ஒரு பெண் காருக்கு அடியில் கிடந்து வேலை செய்ய, வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பது எனக்கு உறுத்தியது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

அவளுடைய கை வெளியே வந்து ஸ்பேனரைத் தரையில் வைத்தது.

"முடிஞ்சிதா மாஸ்டர்?" என்று கேட்டார் காத்தமுத்து.

"முடிஞ்சிது அண்ணே" என்றேன்.

தீக்குச்சியை உரசியது நான். சூடத்தைக் கொளுத்தியது நான். நான் வேதக்காரக் கிறிஸ்தவன், வாழ்நாளில் சூடம் கொளுத்தினது அன்றைக்குத்தான். தட்டை அவர் கையில் கொடுத்து, முழங்கையைப் பிடித்துக் கார் இருக்கும் திசைக்குத் திருப்பி விட்டதும் நான். பேசின் இன்னும் காருக்கு அடியிலேயே இருந்தது.

அடியிலிருந்து அவளுக்கு அவருடைய கால்களும் வெளிச்சமும்தான் தெரிந்திருக்கும். கத்தவில்லை.

"மாமா, நில்லுங்க. அப்படியே திரும்பி வந்த வழியிலயே நடங்க. தட்ட கீழ போட்டுறாதீங்க."

அவர் நின்றார், திரும்பினார், நடந்தார். தட்டு சுட்டிருக்கும். கீழே புல். போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சூடம் எரிந்து முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

சுதர்ஷினி ஓடி வந்து, "யாரு பத்த வச்சது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. கண்ணு தெரியாதவன், அவசரப்பட்டுட்டேன்" என்றார் காத்தமுத்து.

என் வாய் திறந்துதான் இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகு அவள் வேலையை முடித்தாள். சிந்தியதைத் துடைத்து, பேசினில் இருந்ததை மூடியுள்ள கேனில் ஊற்றித் தூரத்தில் வைத்தாள். வாசம் போகும்வரை பொறுத்தாள். பியூஸையும் வயரையும் மாட்டி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மூன்று தடவை திருப்பித் திருப்பி, எங்காவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். கசியவில்லை. எஞ்சின் ஒரே பிடியில் கிளம்பியது.

மறுநாள் கார் அம்மன் கோயில் ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறியது. ஆறு பத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அன்றிலிருந்து காத்தமுத்துவின் வீட்டில் தீப்பெட்டி மேல் அலுமாரிக்குப் போய்விட்டது. அடுப்பு மூட்டுவதும் சாமிக்கு விளக்கேற்றுவதும் அவரிடமிருந்து போயின. "மாமா, நீங்க உக்காருங்க" என்று அன்பாகத்தான் சொல்கிறாள். அவரும் உட்கார்ந்துகொள்கிறார். நான் வாரத்தில் இரண்டு நாள் போய் அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

(இன்னொன்று. அவருக்குப் பார்வை வராமலே போனால் இந்தக் கதை எனக்கு இலகுவாக இருக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும்.)

7

இதற்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவர் என் தோளில் தட்டுகிறார். இன்னொன்றில் சுதர்ஷினி என்னை வீட்டுக்கு வரவேண்டாம் என்கிறாள். மூன்றாவதில் சங்கக் கடைச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டப்படுகிறது, மற்றப் பக்கங்களை நான்...

போதும். மூன்றிலும் நானேதான் நல்லவனாகத் தெரிகிறேன்.

நேற்றுப் பின்னேரம் மேலே உள்ள ஆறு பகுதிகளையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இந்தப் பகுதியைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். காத்தமுத்து வாசலில் இருந்தார். கண் கட்டு அவிழ்த்து ஒரு மாதமாகிறது. புதுக் கண்ணாடி போட்டிருந்தார். நான் ஐம்பது அடி தூரத்தில் வரும்போதே, "என்ன மாஸ்டர், தாடி நரைச்சிப் போச்சி" என்றார்.

வழக்கம்போல வாசிக்கலாம் என்று தாள்களை விரித்தேன். அவர் கையை நீட்டினார்.

"குடுங்க. நானே படிக்கிறேன்."

மெதுவாக, உதடு அசையப் படித்தார். கார் எரிந்த இடத்தில் சிரித்தார். ஆறாம் பகுதி வந்ததும் உதடு நின்றது. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். நான் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சுதர்ஷினி சட்டி கழுவும் சத்தம் கேட்டது.

"மாஸ்டர்" என்றார்.

"அண்ணே."

"தட்டு அவ்வளவா சுடல்ல. அத மாத்திடுங்க."

பிறகு ஆறாம் பகுதியை மட்டும் தனியாக எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சுதா, கையத் தொடச்சிட்டு வந்து உக்காரும்மா. மாஸ்டர் ஒன்னு வாசிக்கப் போறாரு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஒரு பக்கந்தானே சேர்?" என்றாள்.

அவள் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்பது இதில் வராது. அவளை ஒரு தடவை கொன்றேன், ஒரு தடவை ஏமாற்றினேன். அவளுடைய பதிலையும் நான் எழுதுவது நியாயமில்லை. தெரிய வேண்டுமென்றால் மேட்டு லயத்துக்கு வந்து அவளிடமே கேளுங்கள். காருக்கு அடியில் இருந்தால் வெளியே வரும்வரை பொறுத்திருங்கள். தேத்தண்ணி காத்தமுத்து போட்டுத் தருவார்.