ஹெல்வி நட்ட பொய்

பிப்ரவரி மாதத்தில் கூரை சொட்டுகிறது என்றால், அதைவிடக் கேடுகெட்ட சத்தம் தார்வலாய் தீவில் வேறு கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை ஹெல்வி அதைக் கேட்டபோது முதலில் சமையலறைக் குழாயைத்தான் சந்தேகப்பட்டாள். இறுக்கிப் பார்த்தாள். குழாய் ஒழுங்காகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தென்மேற்குக் காற்று வெதுவெதுவென்று முகத்தில் மோதியது. வேலியோரம் கிடந்த கொஞ்சநஞ்சப் பனியும் அழுக்குத் துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது. முந்தின நாள்தான் அவள் புருஷன் எந்தெல், உறைந்த கடல்மேல் காரை ஓட்டிக்கொண்டு, பெருநிலத்து ஊரான ஹாப்சாலுவில் பல் பிடுங்கப் போயிருந்தான்.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் கடல். அது உறைந்துவிட்டால் படகு ஓடாது, வண்டிதான் ஓடும். எந்த வழியாக ஓடலாம் என்று சொல்வது ஊசியிலை ஜூனிப்பர் செடிகள். முப்பது தப்படிக்கு ஒன்றாகப் பனிக்கட்டியில் நட்டிருக்கும். இருபத்தாறு வருடமாக அவற்றை நடுகிறவள் ஹெல்வி. அவளை யாரும் நியமிக்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. கடப்பாரையால் குழி குத்துவாள், செடியை இறக்குவாள், தண்ணீர் ஊற்றுவாள், அது உறைந்து கெட்டியாகும்வரை பிடித்துக்கொண்டே நிற்பாள். அவள் நட்ட செடி குத்துக்கல் மாதிரி நிற்கும். செடி நின்றால் பாதை உண்டு, பிடுங்கிவிட்டால் கிடையாது. பனிக்கட்டி உடைந்தால் வெளியே குதிக்கத் தோதாகப் பெல்ட்டைப் போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, செடியைப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருடம் ஜனவரி கடைசிவரை கடல் உறையவே இல்லை. அப்புறம் ஒன்பது நாள் நல்ல குளிர். பனிக்கட்டி ஒரு சாண் கனத்துக்கு வந்தது. தீவில் இருந்த இருபத்து மூன்று பேரும் அவளைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள், எப்போது நடுவாய், எப்போது நடுவாய் என்று. நட்டாள். அவசரப்பட்டுவிட்டோமோ என்று அன்றைக்கே மனசுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமையே எந்தெலுக்குப் போன் போட்டாள். போன் கதவுக்குப் பின்னால் தொங்கிய அவனுடைய பழைய கோட்டுக்குள்ளிருந்து பாடியது. மனுஷனா இவன் என்று அந்தக் கோட்டையே திட்டித் தீர்த்தாள். புதன்கிழமை அவன் அக்கா வீட்டுப் போனில் ஒருவழியாக ஆள் சிக்கினான்.

"நாளைக்கு வராத. அங்கயே கெட. குளிர் திரும்பட்டும், அப்புறம் வா," என்றாள்.

"ரெண்டு நாள் சொட்டினா கடல் கரைஞ்சு போயிருமா? செடி நிக்குதா இல்லையா?"

"நிக்குது."

"யார் நட்டது? நீதான? அப்புறம் என்ன, வாய மூடிட்டு சூப்ப வை. நாளைக்கு மத்தியானம் வந்துருவேன்."

"பல்லப் புடுங்கின எடத்துல கொஞ்சம் மூளையையும் சேத்துப் புடுங்கிட்டாங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். வருகிறேன் என்றால் வருகிற ஜாதி அவன். அன்று ராத்திரி முழுக்க மழை.

வியாழக்கிழமை விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஹெல்வி அடுத்த வீட்டு உனோவைக் கிளப்பினாள். அறுபத்தாறு வயது, ஆளும் கனம், வாயும் கனம். இரண்டு பேரும் சறுக்குவண்டியில் ஒரு நீளப் பலகையும் கயிறும் கடப்பாரையும் போட்டு இழுத்துக்கொண்டு பாதையில் இறங்கினார்கள். கடல்மேல் மூட்டம் இறங்கியிருந்தது. ஒரு செடியருகே நின்றால் அடுத்த செடி நிழலாகத் தெரியும், அதற்கு மேல் வெள்ளைச் சுவர். கட்டிமேல் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அங்கங்கே குத்திப் பார்த்தாள். ஒரு சாண் என்று நட்டது முக்கால் சாணாகியிருந்தது. அதுவும் ஊறின ரொட்டி மாதிரி.

இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் நீரோட்டம். நாற்பது தப்படி அகலம், அடியில் ஆழம் அதிகம், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெல்வி அதன் விளிம்பில் கடப்பாரையை மெதுவாகத்தான் வைத்தாள். ஒரே குத்தில் அது அந்தப் பக்கம் போய்விட்டது. கையை விட்டு அளந்தாள். நாலு விரல் கனம்.

"ஏம்மா, இது மனுஷனத் தாங்கினாலே பெரிசு," என்றான் உனோ. அவன் முகத்தில் கேலி போய்விட்டிருந்தது.

எதிர்க்கரைத் துறைமுகத்தில் கடை வைத்திருக்கும் மைமுவுக்கு அங்கேயே நின்றபடி போன் போட்டாள்.

"அடியே, இப்பத்தான் வந்து ரொட்டியும் பொகைபோட்ட மீனும் வாங்கிட்டுப் போனான். கன்னம் வீங்கியிருந்துச்சு. இன்னொரு கடைக்குப் போவணும்னும் சொன்னான். வண்டி இப்ப இங்க இல்ல. ஊருக்குள்ள போனானா கடலுக்குள்ள போனானா, சத்தியமா எனக்குத் தெரியாது. கைய நீட்டினா கை தெரியல இங்க."

"வழில கட்டையக் குறுக்கப் போடு மைமு."

"போடறேன். உம்புருஷன் என்னைக்குக் கட்டையப் பாத்து நின்னிருக்கான், சொல்லு."

ஹெல்வி போனைப் பைக்குள் போட்டாள்.

"செடியப் புடுங்கிரலாம். வழி இல்லன்னா திரும்பிப் போயிருவான்," என்றான் உனோ.

"எந்தெலா? திரும்புவானா? செடி இல்லன்னா மூக்கு நேர ஓட்டுவான் உனோண்ணே. மூக்கு நேர வந்தா இங்கதான் விழுவான்."

"அப்ப நிக்கட்டும்."

"நின்னாலும் இங்கதான கொண்டாந்து விடும்."

பிடுங்கினாலும் சாவு, விட்டாலும் சாவு. இந்தக் கடலில் அவள் பயப்பட்டது இது முதல் தடவை இல்லை. எண்பத்தேழு ஜனவரியில் மூன்று நாள் பனிப்புயலில் அவளும் எந்தெலும் ஒரு லாரியோடு நடுக்கடலில் மாட்டினார்கள். அப்போது அவளுக்கு இருபது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பனி கண்ணில் ஊசியாகக் குத்த, கையால் துழாவித் துழாவி ஒவ்வொரு செடியாகக் கண்டுபிடித்தாள். எந்தெல் பின்னாலேயே லாரியை ஊர்ந்து கொண்டுவந்தான். ஒரு கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். காது ஒன்று உறைந்து தோல் உரிந்தது. ஆனால் காலுக்குக் கீழே ஒன்றரை முழக் கட்டி இருந்தது, பாறை மாதிரி. கீழே பார்க்கவேண்டும் என்றுகூட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து எந்தெல் கடவுளை நம்புகிறானோ இல்லையோ, செடியை நம்புவான்.

செடியை நம்புவான். அங்கேதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"உனோண்ணே, வழியத் திருப்பிரலாம். நீரோட்டத்துக்கு அந்தப் பக்கமே வடக்கால ஒடிச்சு, மணல்திட்டுப் பக்கம் விட்டுரலாம். அங்க நீரோட்டம் இல்ல, தண்ணி முழங்கால்தான். கட்டி ஒடைஞ்சாலும் கால்தான் நனையும். திட்டு வழியே தீவோட வடக்கு முனைக்கு வந்துருவான்."

"அந்தப் பக்கம்னா, இத யாரு தாண்டறது? திட்டு வழியா சுத்திப் போக நேரமில்ல."

"உன்னத் தாங்காது."

உனோ அவளைப் பார்த்தான், நாலு விரல் கனத்தைப் பார்த்தான். பிறகு கயிற்றை எடுத்து அவள் இடுப்பில் கட்டினான். முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான்.

வரும் வழியிலிருந்த செடிகளில் ஒன்பதைப் பிடுங்கிச் சறுக்குவண்டியில் ஏற்றினார்கள். அதற்குமேல் பிடுங்க நேரமில்லை. ஹெல்வி பலகையை முன்னால் தள்ளி, அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தாள். பின்னால் வண்டி காலோடு கட்டியிருந்தது. அடியில் கட்டி முனகியது. பலகையின் விளிம்பில் தண்ணீர் கொப்பளித்து முழங்கைவரை நனைத்தது. வாய்க்குள் என்ன முணுமுணுத்தோம் என்று அவளுக்கே தெரியாது. நீரோட்டத்தின் அந்தப் பக்கத்து விளிம்பைத் தொட்டதும் எழுந்தாள்.

கயிற்றை அவிழ்த்து அங்கே நின்ற கடைசிச் செடியில் கட்டினாள். அதற்கு முந்தின மூன்றையும் தாண்டி, பெருநிலப் பக்கமிருந்த நாலாவது செடியிலிருந்து வடக்கே ஒடித்து முதல் செடியை நட்டாள். ஊற்றின தண்ணீர் உறையவில்லை. எப்படி உறையும், ஏழு டிகிரி சூட்டில்? செடி சாய்ந்தது. கட்டித் தூளை வாரி அடியில் அமுக்கினாள், மறுபடி சாய்ந்தது. நேரமில்லை என்று விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடினாள். ஒவ்வொரு செடியருகிலும் கடப்பாரையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள். அடி தட்டவில்லை. ஐந்தாவதிலும் தட்டவில்லை. எட்டாவதிலும் தட்டவில்லை. திட்டு இங்கேதானே இருக்க வேண்டும், எங்கே போய்த் தொலைந்தது? ஒன்பதாவதை நட்டுவிட்டு நின்றாள். கையில் இனி செடி இல்லை. அந்த இடத்தில் குத்திப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தட்டாவிட்டால் என்ன செய்வது?

திரும்பி ஓடினாள், நேராகப் போகிற மூன்று செடியையும் பிடுங்கியாக வேண்டும். இரண்டைப் பிடுங்கினாள். மூன்றாவதில் கை வைத்தபோது காரின் சத்தம் கேட்டது. மூட்டத்துக்குள் அது எந்தத் திசையில் என்றே தெரியவில்லை. பிறகு ரேடியோவின் பாட்டும் கேட்டது. மூன்றாவதையும் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு அப்படியே தண்ணீரில் குப்புறப் படுத்தாள்.

அவன் அவளைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நிறுத்துவான். இந்தக் கட்டிமேல் கார் ஓடும்வரைதான் கார், நின்றால் இரும்பு. தன் புருஷன் சாவை நோக்கி வரும்போது கூப்பிடாமல் வாயில் கையுறையைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன்மேல், காற்றின்மேல், நட்ட தன் கைகள்மேல்.

கார் நிழலாக வந்தது. கண்ணாடி இறக்கியிருந்தது. எந்தெலின் வீங்கின கன்னம்கூடத் தெரிந்தது. முதல் சாய்ந்த செடியருகே வேகம் குறைந்தது. போ, போ என்று மனசுக்குள் தள்ளினாள்.

கார் நின்றது. ரேடியோவை அணைத்தான்.

"இது ஹெல்வி நட்டதில்ல," என்று அவன் தனக்குத்தானே சொன்னது தெளிவாகக் கேட்டது. "சாயறதப் பாரு, குடிகாரன் மாதிரி. அந்த உனோப்பய வேலை." தலையை வெளியே நீட்டி நேர் எதிரே, வழி இருக்க வேண்டிய திசையைப் பார்த்தான்.

சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கட்டி மெதுவாகக் குழிந்தது. ஹெல்வி எழுந்து நின்றாள்.

"எந்தெல், நிக்காத. வண்டிய எடு. செடியப் பாத்துப் போ."

"ஹெல்வி? எங்கடி இருக்க?" ஸ்டியரிங் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"எங்கிட்ட வராத. நாந்தான் நட்டேன். சாஞ்சாலும் நான் நட்டதுதான். போ."

முப்பத்தாறு வருடத்தில் அவள் ஒன்று சொல்லி அவன் எதிர்த்து ஒன்று சொல்லாத நாள் கிடையாது. அன்றைக்கு அவன் வாயே திறக்கவில்லை. சக்கரம் ஒரு தடவை வழுக்கிச் சுழன்றது, பிறகு பிடித்தது. கார் வடக்கே திரும்பி, சாய்ந்த செடி ஒவ்வொன்றாகத் தாண்டி மூட்டத்துக்குள் போயிற்று. அவள் எண்ணினாள். நாலு, ஐந்து, ஆறு. சத்தம் தேய்ந்தது. ஒன்பதுக்குக் கணக்கு வந்தபோது பெரிய கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு சத்தம், அதன்பின் தண்ணீர் அடிக்கிற சத்தம். இன்ஜின் செத்தது.

அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். குத்திப் பார்த்திருக்கலாமே, ஒரு குத்து, ஒரே ஒரு குத்து, என்று தலைக்குள் அதுவே ஓடியது.

அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. அதன்பின் இன்னொன்று, அதைவிடக் கெட்டது. கார் கதவை யாரோ காலால் உதைத்தார்கள்.

"முழங்கால்," என்று எந்தெல் கத்தினான். "முழங்காலுக்குத்தான்டி தண்ணி. காலுல மணல் தட்டுது. மீனெல்லாம் போச்சு."

ஹெல்வி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கயிறு கட்டியிருந்த செடி அசைந்தது, அந்தப் பக்கத்திலிருந்து உனோ இழுத்துப் பார்க்கிறான்.

"ஹெல்வி," என்று மறுபடி குரல் வந்தது. இப்போது அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அந்தக் குரலை அவள் பனிப்புயலில்கூடக் கேட்டதில்லை. "நீ எங்க இருக்க? நீரோட்டத்துக்கு எந்தப் பக்கம்? இரு, நான் வரேன்."

கார் போன தடத்தில் கட்டி நெடுக விரிந்து, அவளுக்கும் திட்டுக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. அவள் திரும்பி நீரோட்டத்தைப் பார்த்தாள். அவள் ஊர்ந்து வந்த தடம் முழுக்கத் தண்ணீர் ஏறியிருந்தது. பலகை பாதி மிதந்துகொண்டிருந்தது.

"வராத. நான் தீவுப் பக்கந்தான், உனோகூட நிக்கிறேன்," என்றாள். குரல் நடுங்காமல் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியம். "நீ திட்டுமேலயே நடந்து வீட்டுக்குப் போ. சூப்பு அடுப்புல இருக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நட."

அவன் திட்டிக்கொண்டே தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து போவது கேட்டது. அது முழுசாகத் தூரமாகும்வரை அவள் அசையாமல் நின்றாள். பிறகு கயிற்றை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, விறைத்த விரல்களால் முடிச்சை இறுக்கி, பலகைமேல் குப்புறப் படுத்து, இழு என்று உனோவுக்கு இரண்டு தடவை சுண்டினாள்.