ரோஜா உதிர்க்கும் அம்பு

1

பாறசாலை பஸ் நிறுத்தத்தில் யானை பிளிறியது.

நின்றிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். யானை இல்லை. ஓர் இன்டர்நெட் சென்டர் இருந்தது. உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, பிரவுசர் விழுந்ததாக்கும்," என்று சொல்லித் தலையை இழுத்துக்கொண்டார். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். வருடம் 1999. மற்றதெல்லாம் பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டுவதற்குள் நான் கட்டியது. பொய் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீங்கள் நிம்மதியாக நம்பலாம்.

2

முதல் தொடக்கம்: "ரினி கடலைப் பார்த்தபடி…"

வேண்டாம். காஞ்சிரங்குளம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண் என்றதும் கடலைப் பார்க்க வைத்துவிடுகிறோம். ரினிக்கு அதற்கு நேரமில்லை. ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாள். (இதுவரை மற்றவர்களுடையது.)

இரண்டாம் தொடக்கம்: "மஸ்கட்டில் ஜெஃப்ரினுக்கு லீவு கிடைக்காததால், பெண்ணு காணல் இன்டர்நெட்டில் நடந்தது."

இது ஓடும். மாப்பிள்ளை நேரில் வந்து பார்க்கவேண்டிய பெண்ணை, அவன் அனுப்பும் எழுத்துகளுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். இடம், மோகனன் நடத்தும் அதே இன்டர்நெட் சென்டர். பெண்ணின் அப்பா நிக்கோலஸ் மிக்சரும் பழமும் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளையின் மாமா கனகதாஸ், மாப்பிள்ளைக்குப் பதிலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திரையில் ஜெஃப்ரின் அடித்தது வந்தது: "ரினி, ஒரு காரியம் கேக்கட்டா? கல்யாணம் கழிஞ்சா—"

யானை பிளிறியது. பிரவுசர் காணாமல் போனது.

(ஏதாவது புரோகிராம் செத்தால் பிளிறும்படி கம்ப்யூட்டரில் சத்தம் வைத்திருந்தது மோகனன்தான். வெறும் 'டிங்' என்றால் அவர் டீ குடிக்கும் இடத்துக்குக் கேட்காதாம்.)

திரும்பத் திறந்தார்கள். "கல்யாணம் கழிஞ்சா—" பிளிறல். மறுபடியும். பிளிறல்.

"கழிஞ்சா என்னலே?" கனகதாஸுக்கு வாயில் மிக்சர் நின்றுபோனது. "பாதி பேச்சில நிறுத்தினா எங்க பையனுக்கு ஆக்கும் மானக்கேடு."

3

மோகனன் கைலியை மடித்துக் கட்டினார்.

"பிரவுசருக்கு ஒரு கேடும் இல்ல. அதுமேல ஒட்டிக்கிடக்கிய சாமானம் ஆக்கும் பிரச்னை. ஆட்-ஆன். எல்லாத்தையும் எடுத்துட்டு ஒண்ணொண்ணா இட்டுப் பாக்கணும். எத இடும்போ விழுகோ, அவன் கள்ளன்."

எடுக்க எடுக்க வந்தது. திரையின் ஓரத்தில் நடக்கும் கிளி. மணிக்கொருமுறை கூவும் சேவல். யாருக்கும் புரியாத பங்குவிலைப் பட்டை. அப்புறம், அம்புக்குறி நகர்ந்தால் ரோஜா இதழ் உதிரும் ஒன்று. எல்லாம் வாடிக்கையாளர்கள் செய்த தர்மம்.

கிளியை இட்டார். பிரவுசர் விழவில்லை. சேவல், பட்டை, அப்போதும் விழவில்லை. ரோஜாவை இட்டார்.

பிளிறல்.

"இந்த ரோஜாவ ஆரு இட்டது?"

நிக்கோலஸ் இருமினார். "நேத்து இடம் பிடிக்க வந்தப்ப சும்மா அதுல தட்டினேன். பெட்டி மாதிரி ஒண்ணு வந்து என்னவோ கேட்டுது. யெஸ் அமுக்கினேன்."

"கேட்டா உடனே யெஸ்ஸா மாமா?" என்றார் மோகனன்.

"ஒருத்தர் வந்து கேக்கும்போ இல்லன்னு சொல்லப்பிடாதுல்லா மக்கா."

ரினி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

[இந்தப் பார்வையை முதலில் "அன்பாக" என்று எழுதி அடித்தேன். அப்புறம் "கோபமாக". அதையும் அடித்தேன்.]

மோகனன் ரோஜாவை எடுத்தெறிந்தார். ஜெஃப்ரினின் வாக்கியம் முழுதாக வந்து இறங்கியது:

"கல்யாணம் கழிஞ்சா ஜோலிக்குப் போகண்டாம் கேட்டோ. அம்மைக்குத் துணையா வீட்டில நின்னா மதி, அது போதும். சம்மதம்னா யெஸ்னு அடி."

"நல்ல பய," என்றார் கனகதாஸ். "மூடி வச்சுப் பேசத்தெரியாது."

"அடி மக்கா," என்றார் நிக்கோலஸ்.

4

இங்கே என் கதை நின்றுவிட்டது. ரினி அடிக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

மோகனன் முறையையே பிடித்தேன். ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். ரினியின் அம்மா புஷ்பபாயை எடுத்தேன், ஒன்றும் விழவில்லை. (நீங்கள் அவளைச் சந்திக்காததற்குக் காரணம் இதுதான். மன்னிக்கணும், அக்கா.) கனகதாஸை எடுத்தேன். சிரிப்பு போய்விட்டது, திருப்பி வைத்தேன். நிக்கோலஸை எடுத்தேன். கதை உடனே ஓடியது; ரினி எழுந்து அச்சகத்துக்குப் போய்விட்டாள்.

கள்ளன் அகப்பட்டான். ஆனால் பெற்ற அப்பாவை எப்படி எடுப்பது? திருப்பி வைத்தேன்.

5

"தனியா பேசணும்," என்றாள் ரினி.

"பையன் மஸ்கட்டில, நீ பாறசாலையில. இதுக்குமேல என்ன தனிமை?" கனகதாஸ் கேட்டார்.

"பெண்ணும் பையனும் தனியா பேசுகது முறையாக்கும்," என்று நிக்கோலஸ் அவரைக் கைபிடித்து எழுப்பினார். மிக்சர் பொட்டலத்தோடு எல்லோரும் வெளியே வந்து, வெயிலில், ஒரு கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுத்து நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் யானை பிளிறியது.

6

முடிவுகள் இரண்டு கைவசம் இருந்தன.

அ. மோகனனுக்கும் ரினிக்கும் காதல். இந்தக் கதையைப் போடும் பத்திரிகைக்குப் பிடிக்கும். ஆனால் மோகனனின் மனைவி இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவள்.

ஆ. நிக்கோலஸ் சட்டென்று மனம் மாறி, மகளைக் கட்டிக்கொண்டு, "இனி நான் ஒருநாளும்…" முடியவில்லை. பேனா மறுத்துவிட்டது.

ஆகவே மோகனனை உள்ளே அனுப்புகிறேன். அவர் பிரவுசரைத் திறந்து, அது மறுபடி விழும் முன் சுட்டியை நகர்த்துகிறார். அம்பு போகும் வழியெல்லாம் ரோஜா இதழ் உதிர்கிறது.

"இத ஆரு பிள்ள திருப்பி இட்டது?"

வாசலில் நிக்கோலஸின் குரல். "மோகனா, சரியாக்கிடலாமா? யெஸ்ஸா, நோவா?"

அதற்கு மோகனன் என்ன சொல்லவேண்டும் என்பதை உங்களிடம் விடுகிறேன். ஆனால் அவசரப்படாதீர்கள். ரினி தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

"நான்தான் அண்ணா. வேண்டாம்னு சொல்ல எனக்கு வேற வழி தெரியல்ல."