இரண்டு படகுக்கான இடம்

யாரும் எங்கே வேண்டுமானாலும் படகைக் கட்டட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் இரண்டு படகு நிற்கிற துறையில் நட்டநடுவில் கொண்டுவந்து கட்டுவானா ஒருத்தன்? முன்னால் அரைப் படகு இடம், பின்னால் அரைப் படகு இடம். இரண்டும் ஒருத்தருக்கும் உதவாது. கால்வாய் வளைவு திரும்பியதும் தெல்மாவின் கண்ணில் பட்டது இதுதான்.

"அடப் பாவி!" என்றாள் வாய்விட்டு.

தன்னந்தனியாக, மேல்மட்டத் தண்ணீரிலிருந்து கீழ்மட்டத்துக்கு மதகு மதகாக இறங்கி வந்திருக்கிறாள். ஒவ்வொரு மதகிலும் படகை நிறுத்தி, கரையேறி, கதவை முதுகு கொடுத்துத் தள்ளி, படகை உள்ளே இழுத்து, தண்ணீர் வடிகிறவரை கயிற்றைப் பிடித்து நின்று, கீழ்க்கதவை மறுபடி முதுகு கொடுத்துத் தள்ளி... இரண்டு பேர் செய்கிற வேலை அது. எழுபதைத் தொடப்போகிற உடம்பு, ராத்திரி படுத்தால் எலும்பெல்லாம் தனித்தனியாக வலிக்கிறது. இத்தனையும் எதற்கு? ரோலண்டை இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள்.

வசந்தம் பிறந்த வாரம் ரோலண்ட் படகின் மேலேயே சுருண்டு விழுந்தார். மூளையில் அடைப்பு. வலது கையும் காலும் போயின. பேச்சும் கிட்டத்தட்ட போன மாதிரிதான்; "ஆமா", "இல்ல", "தெல்", அவ்வளவுதான் மிச்சம். அவர்களுக்கு 'மார்த்தா' என்ற இந்த ஒல்லிப் படகை விட்டால் வேறு வீடு கிடையாது. சக்கர நாற்காலி படியில்லாமல் நேரே ஏறுகிற மாதிரி படகு நின்றால்தான் அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மற்ற கரையெல்லாம் சேறும் காஞ்சொறிச் செடியும். ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பின்னாலிருக்கும் இந்த மார்ஷ்வெல் துறை ஒன்றுதான் சமதளமான சிமெண்ட் கரை. அங்கே ஆகவில்லையென்றால் குன்றின் மேலிருக்கும் முதியோர் இல்லத்தில் கட்டில் தயார். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியும் அங்கே. அதைச் சொன்ன அன்று ரோலண்ட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். வாழ்நாளெல்லாம் தண்ணீர்மேல் தூங்கின மனுஷன்.

நடுவில் நின்ற படகின் பக்கவாட்டில் தங்க எழுத்தில் 'செரினிட்டி' என்று எழுதியிருந்தது. அமைதியாம்! தெல்மா மார்த்தாவை அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, கூரையைத் தட்டினாள். உள்ளேயிருந்து கிரிக்கெட் வர்ணனை முழங்கியது. இரண்டாம் முறை தட்டிய பிறகுதான் கதவு திறந்தது. நாற்பது வயசிருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் பழரசம். பெயர் ஆட்ரியன் என்றான்.

"தம்பி, கொஞ்சம் பின்னால தள்ளிக் கட்டிக்கிறீங்களா? நான் முன்னால நிப்பாட்டிக்குவேன்."

"முடியாதே மேடம். டிஷ் இருக்கு பாருங்க." கூரைமேல் நின்ற தட்டைக் காட்டினான். "பின்னால நகர்ந்தா அந்த மரம் மறைக்கும், முன்னால போனா ஆஸ்பத்திரிச் சுவரு. நேத்து காலைலேர்ந்து தேடி இந்த ஒரு இடத்துலதான் படம் வருது."

"என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வராங்க. சக்கர நாற்காலி. உங்க படகைத் தாண்டி எப்படி ஏத்தறது?"

"நாளைக்கு வரச் சொல்லுங்களேன்."

"என்னது?"

"இல்ல, டெஸ்ட் மேட்ச் இன்னிக்கோட முடிஞ்சுரும். நாளைக்குன்னா நானே கிளம்பிருவேன். எதுக்கு இவ்ளோ டென்ஷன்?" என்று சொல்லிக் கதவைப் பாதி சாத்தினவன், மறுபடி தலையை நீட்டி, "என் டெக்குல நடக்கறப்போ ஷூவைக் கழட்டிருங்க, புது பெயிண்ட்" என்றான்.

கதவு மூடியது. தெல்மாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு மனுஷனுக்கு வீடா இல்லமா என்று முடிவாகிற நாளில், இவனுக்குப் பந்து எங்கே போய் விழுகிறது என்று பார்த்தாக வேண்டுமாம்!

துறையைத் தாண்டிச் சேற்றுக்கரையில் தன் படகைக் கட்டியிருந்த டிலிஸ், சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். பல வருஷமாக இதே தண்ணீரில் மேலும் கீழும் போகிறவள், தெல்மாவின் தோழி.

"கேட்டியாடி? டிஷ்ஷாம்! படமாம்!"

"நேத்து நானும் சொன்னேன். காது குடுக்கல. அவன் அம்மா வயத்துல எப்படித்தான் இடம் விட்டுப் படுத்திருந்தானோ."

"நானே அவுத்துத் தள்ளிடப் போறேன்."

டிலிஸின் முகம் மாறியது. "கயிறுடி அது. விளையாடாத."

கால்வாயில் குடியிருப்பவர்களுக்கு அது ஒரு சத்தியம் மாதிரி. அறுந்து மிதக்கும் படகைப் பார்த்தால், யாருடையதானாலும் பிடித்துக் கட்ட வேண்டும். கட்டிய படகின் கயிற்றை மட்டும், உடையவன் சொல்லாமல் தொடவே கூடாது. உள்ளே தூங்குகிறவன் உயிரே அந்த முடிச்சில்தான் இருக்கிறது. இந்த விஷயத்தில் ரோலண்டை மிஞ்ச ஆளில்லை. பெர்சி என்று கூடவே பிறந்த மாதிரி ஒரு சிநேகிதர். பியர் குடிக்கிற அவசரத்தில், மதுக்கடை வாசலில் நின்ற ஒரு படகை அவிழ்த்து நகர்த்திவிட்டுத் தன் படகைச் சொருகினார். அன்றோடு சரி. எதிரே வந்தாலும் ரோலண்ட் பேசுவதில்லை. பெர்சியின் சாவுக்குக்கூடப் போகவில்லை.

"அவரு காதுக்குப் போச்சுன்னா உன்னையும் அப்படித்தான் பார்ப்பாரு" என்றாள் டிலிஸ்.

அது தெல்மாவுக்கும் தெரியும். உண்மைதானே.

ஆஸ்பத்திரிக் கதவு திறந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளம்பெண் வந்தாள். நோயாளியை அனுப்பும்முன் வீட்டு வசதி பார்க்கிற ஹெய்லி. நல்ல பெண்தான், முன்பே தெரியும். இரண்டு படகையும் பார்த்தாள், தெல்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, இந்தப் படகைத் தாண்டியா?"

"இல்ல இல்ல, நகர்த்திருவாங்க."

"அவரை நாற்காலில உக்கார வச்சுட்டாங்க, வண்டியும் வாசல்ல நிக்குது. இங்க சரியா இல்லன்னா அப்படியே இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிருக்காங்க. என் கையில எதுவும் இல்லம்மா." அவள் தானும் போய் செரினிட்டியின் ஜன்னலைத் தட்டிப் பார்த்தாள். "டீ இடைவேளை வரட்டும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஹெய்லி உதட்டைக் கடித்துக்கொண்டு, ரோலண்டைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

டீ இடைவேளை! தெல்மா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். ரோலண்ட் பேசாவிட்டால் போகிறார். மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளட்டும், மிச்ச நாளெல்லாம் திட்டட்டும், திட்டத்தான் வாய் வருமா அவருக்கு? ஆனால் திரும்புகிற அந்த மூஞ்சி மார்த்தாவில் இருக்கட்டும்.

"டிலிஸ், மார்த்தாவோட கயித்தைப் பிடி."

"தெல்மா..."

"என் கயித்தைத்தான் பிடிக்கச் சொல்றேன். அவன் கயித்தை நான் பாத்துக்கறேன். பாவம் என் தலையிலயே விடியட்டும்."

டிலிஸ் மார்த்தாவின் மூக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு துறையின் முன்கோடிக்குப் போனாள். தெல்மா செரினிட்டியின் முன்கயிற்றின் முன்னால் குனிந்தாள். கை சட்டென்று போகவில்லை. அப்புறம் போயிற்று. முடிச்சைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது. ஷூ கட்டுகிற முடிச்சு! ராத்திரி பெரிய படகு ஒன்று வேகமாகக் கடந்திருந்தால் இவனே பாலத்தில் போய் முட்டியிருப்பான். முன்கயிற்றை அவிழ்த்துக் கூரைமேல் போட்டாள். பின்கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னோக்கி இழுத்தாள். முதலில் அசையவில்லை. பிறகு அத்தனை டன் இரும்பும் மெதுவாக, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே வர்ணனை ஓடிக்கொண்டே இருந்தது. கரையில் பதித்திருந்த கோடி வளையத்தில் படகின் வால், நடு வளையத்தில் மூக்கு, இரண்டையும் இறுக்கிக் கட்டினாள். ஒழுங்கான முடிச்சு, புயல் வந்தாலும் அவிழாது. டிலிஸ் இழுத்த இழுப்பில் மார்த்தா முன்னால் வந்து கரையோடு ஒட்டிக்கொண்டது.

பலகையைக் கரைக்கும் படகுக்கும் இடையில் போட்டு முடித்தபோது ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது. ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே ஹெய்லி. ரோலண்டுக்குத் தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டிருந்தார்கள். மார்த்தாவைக் கண்டதும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது.

"தெல்" என்றார்.

அந்த நேரம் பார்த்தா கிரிக்கெட் வர்ணனை நிற்க வேண்டும்! செரினிட்டியின் கதவு படாரென்று திறந்து ஆட்ரியன் வெளியே வந்தான். தலைக்கு மேலே மரக்கிளை தொங்கியது.

"யாரு என் படகை நகர்த்தினது? ஒரே ஒரு விக்கெட்தான் பாக்கி, படம் போச்சு!" தெல்மாவைப் பார்த்துக் கையை நீட்டினான். "நீங்கதானே? அடுத்தவன் கயித்தைத் தொடக்கூடாதுன்னு வந்த நாள்லேர்ந்து எனக்கு ஊரே பாடம் எடுத்தீங்க. உங்களுக்கு மட்டும் அது கிடையாதா? எவ்ளோ பெரிய தப்பு தெரியுமா இது?"

தெல்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்குப் பயந்து அல்ல. ரோலண்ட் திரும்பி, செரினிட்டியின் கயிற்றையும் வளையத்தில் கிடந்த முடிச்சையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை முடிச்சு அவருக்குத் தெரியாதா? இந்த உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. பெர்சிக்கு ஆனது இனி நமக்கு என்று நினைத்தாள். நினைக்கும்போதே அழுகை முட்டியது.

ரோலண்டின் இடது கை நாற்காலியிலிருந்து எழும்பியது. வாய் கோணி, கோணி, ஏதோ ஒரு சொல்லைத் தேடியது. ஆஸ்பத்திரி ஆள் குனிந்து, "என்ன வேணும் தாத்தா?" என்று கேட்டார். அவரை ஒதுக்கிவிட்டு ரோலண்ட் தன் நெஞ்சைத் தட்டினார்.

"நா... நான்."

எல்லோரும் பார்த்தார்கள்.

"நான்... அவுத்தேன்."

ஆட்ரியன் வாயைத் திறந்தான். அவன் கண் தானாகப் போர்வைமேல் கிடந்த அந்தச் செத்த வலது கைக்குப் போயிற்று. டிலிஸ் கரைக்கோடியில் மூக்கை உறிஞ்சினாள்.

"காதுல விழுந்துச்சா தம்பி?" தெல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியை ஆஸ்பத்திரி ஆளிடமிருந்து வாங்கினாள். "எங்க வீட்டுக்காரர்தான் அவுத்தாராம். அவரோட பேசிக்குங்க. இப்ப வழிய விடுங்க."

பலகைமேல் சக்கரம் ஏறியது.