பாலம் விட்டு வெட்டிய துளை

அக்காவின் குரல் கார் இன்ஜினுக்குள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. ஏர் ஃபில்டர் அப்போது மாட்டப்பட்டிருக்கவில்லை. புதிதாகப் பூட்டிய இன்ஜின் முதல் தடவையாகப் பற்றிக்கொண்டு, டுப், டுப்டுப் என்று திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பானெட்டுக்குள் குனிந்து, "டேய், இது நான்" என்றாள். மிச்ச வாக்கியத்தை இன்ஜின் காற்றோடு சேர்த்து இழுத்துக்கொண்டது. அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பட்டறையில் அப்போது இருந்தது அவளும், இன்ஜினைப் பூட்டிய அவள் தம்பியும்தான். மிச்ச வாக்கியம் என்னவென்று தம்பிக்கு நன்றாகவே தெரியும்.

அது ரோட்டரி இன்ஜின். அதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் ஒன்று உள்ளே சுற்றும், பக்கத் தகட்டில் இருக்கும் துளை வழியாகக் காற்று நுழையும். அந்தத் துளையை எப்படி வெட்டுகிறோமோ அப்படி அமையும் வண்டியின் குணம். ஓரத்தை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தினால் வண்டி சாதுவாக இருக்கும், வேகமும் கூடும். துளைக்கு மேலே புருவம் மாதிரி இன்னொரு வெட்டுப் போட்டு, நடுவில் மெல்லிய பாலம் ஒன்றை விட்டால் வேகம் எக்கச்சக்கம், ஆனால் நிற்கும்போது திக்கும், உறுமும். அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள், ஊரில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டுத்தான் ஓடினார்கள். "எனக்கு சிக்னலுக்கு சிக்னல் நின்னு போற வண்டிடா, உறுமாம இருந்தா போதும்" என்று சொல்லியிருந்தாள். தகட்டில் நீல மை பூசி, தகர அச்சை விரலால் அழுத்திப் பிடித்து, ஊசியால் கோடு போட்டதும் அவளேதான். தம்பி சரிக்கா என்றான். அவள் வேலைக்குப் போன பிறகு அவனுக்குக் கை அரித்தது. பாலம் விட்டு வெட்டிய இன்ஜினின் சத்தத்தைத் தன் கையால் ஒரு தடவையாவது எழுப்ப வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால்தான் அவன் கேட்கவில்லை.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, காலி செய்த வீடு மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். அந்த வாரமே குரல் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. கார் சிக்னலில் நின்றபோது சைலன்ஸர் குழாய், "பயணிகள் கவனத்துக்கு" என்று திக்கித் திக்கி ரயில் நேரங்களைச் சொன்னது. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. நிலைய அதிகாரி காரை நிலையத்தின் பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தச் சொல்லி, குழாயின் வாயில் மைக்கைக் கட்டினார். அக்கா ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிடுவாள், அறிவிப்பு தானாக நடக்கும். மற்ற பேச்சுக்குச் சிலேட்டு. அதில் அவள் தம்பியிடம் முதலில் எழுதிக் கேட்டது, துளையை எவ்வளவு வெட்டினாய் என்று.

"நீ கோடு போட்ட அளவுதான்க்கா" என்றான்.

அந்தப் பொய் அவனை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. போதாக்குறைக்கு, அவன் பத்தடி நெருங்கினாலே குழாய் ரயில்களை மறந்துவிட்டு, "டேய், இது நான்", "டேய், இது நான்" என்று அதையே சொல்லும். நிலையப் பக்கம் போவதையே அவன் விட்டுவிட்டான். இன்ஜினைத் திறந்து பார் என்று அக்கா எழுதிய போதெல்லாம், சீல் கெட்டுவிடும், கேஸ்கெட் கிடைக்காது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஆறு வருடம் ஓட்டினான். திறந்தால் தகடு காட்டிக் கொடுத்துவிடும். அக்காவின் குரலைவிடத் தன் மானம் பெரிதாகப் போயிற்றே என்று தன்னையே காறித் துப்பாத நாள் இல்லை. துப்பினானே தவிர, ஸ்பானரை எடுக்கவில்லை.

ஆறாவது வருடம் இன்ஜின் தேய்ந்து, குரலும் தேய்ந்தது. ஒரு நாள் காலை எட்டரை ரயிலுக்கு நடைமேடை எண் யார் காதிலும் விழவில்லை. நாற்பது பேர் எதிர்ப் பக்கம் நின்று ரயிலுக்குக் கையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இன்னும் ஒரு மாதம் ஓடினால் குரல் புகையோடு புகையாகப் போய்விடும் என்பது மெக்கானிக்கான அவனுக்குப் புரியாமலில்லை. அன்றைக்கே நிலையத்துக்குப் போனான். குழாய் ஈனமாக, "டேய், இது நான்" என்றது.

"அக்கா, நான் பொய் சொன்னேன். உன் கோட்டுக்கு மேல இன்னொரு வெட்டு போட்டுட்டேன். சத்தத்துக்கு ஆசைப்பட்டுதான். வேற காரணமே இல்லக்கா."

அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். மறுநாள் இருவரும் சேர்ந்து அதைப் பிரித்தார்கள். கரி படிந்த தகட்டில் அந்தப் புருவ வெட்டை அக்கா விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. புதுத் தகட்டில் நீல மை பூசி, ஊசியை அவள் கையில் கொடுத்து, "எவ்வளவுக்கா?" என்று கேட்டான். அவள் பழைய கோட்டையே போட்டாள். கோடு அழியாமல் அதன் உள்பக்கமாகவே வெட்டினான், அதற்கு மூன்று நாள் பிடித்தது.

பூட்டி முடித்து, ஏர் ஃபில்டர் மாட்டாமல் இன்ஜினை ஓடவிட்டார்கள். அக்கா பானெட்டுக்குள் குனிந்து வாயைத் திறந்தாள். இன்ஜின் காற்றுத் துளை வழியாக ஒரு தடவை எதிர்த்து இருமியது. பிறகு சாதுவாக, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கேட்ட சத்தம் இல்லையே" என்று அன்று விட்ட வாக்கியத்தை முடித்தாள்.

"இல்லக்கா" என்றான். ஆறு வருடமாகத் தொண்டையில் நின்ற பதில் அது. அதைச் சொல்லிவிட்டு, கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அடுத்த வாரம் அவள் அறிவிப்பு அறைக்குத் திரும்பினாள். அவளுக்கு வயது ஏறியிருந்தது, குரலுக்கு ஏறவில்லை. நீளமான அறிவிப்புகளின் நடுவே லேசாக ஒரு டுப் கேட்கும், அறையில் கொஞ்சம் பெட்ரோல் வாசனை இருக்கும். பயணிகள் அந்த டுப்புக்குப் பையைத் தூக்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.