சூப் வைத்தது யார்?

1

“விதா, நீயே சொல்லுடி. வெட்டி எடுக்கறதா, வழியை மாத்தி விடறதா?”

“என்னைக் கேட்டா? டாக்டரைக் கேளு அக்கா.”

“டாக்டரைக் கேட்டாச்சு. உன் புத்தகத்துல இருபத்தாறு பொண்ணுங்களுக்கு யாரைக் கட்டிக்கணும்னு முடிவு பண்ணிக் குடுத்திருக்க. எனக்கு ஒரு வயித்தை முடிவு பண்ணித் தர மாட்டியா?”

இருவரும் சிரித்தோம். அவள் மறுபடி கேட்பதற்குள், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

இந்தக் கதை பிறந்தது அந்தப் பொய்யில்தான். நான்கு நாள் கழித்து, இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“எழுது. ஆனா கடைசிப் பக்கத்துல என்னை ஒல்லியாக்கிடாத. எங்க தபால் ஆபீஸ் மேனேஜருக்குக் கட்டி வெச்சுடவும் செய்யாத. அந்தாளு வாய் நாறும்.”

2

முதல் தொடக்கம்: “ஸ்ரெனியானின் நகரத் தபால் அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஸ்டானா, ஊரிலேயே மிகப் பருமனான…” அடித்துவிட்டேன். அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது, நூற்று முப்பத்தோரு கிலோ. இரண்டையும் அவளே சொன்னாள். ஆனால் மூன்றாவது ஜன்னலுக்கு வருகிறவர்கள் கிலோவைப் பார்க்க வருவதில்லை. ஓய்வூதியக்காரர்கள் அவளிடம் திட்டு வாங்கவே அந்த வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தாலும் நகர்வதில்லை.

இரண்டாவது தொடக்கம்: “பனி பெய்துகொண்டிருந்தது.” பெய்யவில்லை. அடித்தேன்.

மூன்றாவது: “அவளுக்கு யாரும் இல்லை.” இதை அடிக்கப் போன பேனா நின்றது. நான் இருக்கிறேனே. நோவி சாட் நகரத்தில், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பேருந்தில் ஒரு மணி நேரம். அடிக்கவும் முடியவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

3

கதை என்றால் நாயகியின் முன் இரண்டு வழிகள் இருக்க வேண்டும். என் நாவல்களில் அவை இரண்டு ஆண்களாக இருக்கும். இங்கே, எடையைக் குறைக்க டாக்டர் வெஸ்னிச் ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்த இரண்டு வயிறுகள். அதை ஸ்டானா எனக்குப் போனில் விளக்கினாள்.

“ஒண்ணு, குழாய். வயித்துல முக்கால்வாசிய வெட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க. வாழைப்பழம் மாதிரி மிச்சம் இருக்கும். போனது போனதுதான், திரும்பி வராது. இன்னொண்ணு, வழி மாத்தறது. மேல கோழி முட்டையளவு ஒரு பை பண்ணி, குடலை அதுல கொண்டாந்து சேர்த்துடுவாங்க. ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும். இனிப்புச் சாப்பிட்டா தலை சுத்தி, வேர்த்துக் கொட்டி, படுத்துக்கணும்.”

“பழைய வயிறு?”

“அது உள்ளயே கிடக்கும். சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. பாவம், அதுபாட்டுக்கு உக்காந்து சுரந்துக்கிட்டு இருக்கும்.”

அவளுக்குப் பல வருடமாக நெஞ்செரிச்சல். குழாய் போட்டால் அது கூடலாம், வழி மாற்றுவதே நல்லது என்பது டாக்டரின் எண்ணம். ஆனால் ஸ்டானா குழாய் பக்கம் சாய்ந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

(எழுத்தாளர் குறிப்பு: யாரும் எட்டிப் பார்க்காத வயிறு என்ற இடத்தை அப்போதே ‘நல்ல வரி’ என்று குறித்து வைத்தேன். அதைத் தவிர அந்த வரியை வேறு எதுவும் செய்யவில்லை.)

4

[இதை அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன்.

எங்கள் வீடுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். கட்டிக்கொண்டு போகிற பெண்ணுக்குக் கணவன் வீட்டுப் புனிதர். எங்கள் அப்பாவுக்குப் பையன் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்த ஸ்டானாவுக்குப் புனித நிக்கோலா வந்து சேர்ந்தார். டிசம்பர் பத்தொன்பது.

எனக்குக் கணவராக வாய்த்த ஜிவான் வீட்டிலும் அதே நிக்கோலா. அதே பத்தொன்பது. எனவே இருபத்திரண்டு வருடமாக அந்த நாளில் நான் நோவி சாடில் நாற்பது பேருக்கு மீன் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். பிறந்த வீட்டு விருந்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

அந்த நாளுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை. தெரிந்தவர்கள் தாங்களே வருவார்கள். வருகிறவர் முதலில், வேகவைத்துச் சர்க்கரையும் வால்நட்டும் போட்டு அரைத்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் நாள் முழுக்க உட்காரக் கூடாது. நின்றுதான் பரிமாற வேண்டும்.

இருபதாம் தேதி காலையில் ஸ்டானா போன் செய்வாள். “இருபது பேருக்குச் சமைச்சேன்டி. பாதிரியாரு, பக்கத்து வீட்டு ரூஜா, ரிட்டயரான தபால்காரர் ஒருத்தர். மூணு பேரு.” மிச்சத்தை என்ன செய்தாய் என்று கேட்டால், “சாமி சாப்பாட்டைக் கொட்டவா முடியும்? இருக்கவே இருக்கேன் நானு” என்பாள். ஒரு வாரம் அதையே தனியாகச் சாப்பிடுவாள்.

வா என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை. தேவையில்லை என்பதால் சொல்லவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.]

அடைப்புக்குறியை மூடிவிட்டேன். ஆனால் கதை இதற்குள்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். அறுவைச் சிகிச்சை டிசம்பர் பன்னிரண்டு, நிக்கோலா நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன். அதற்கு முந்தைய திங்கட்கிழமை அவள் டாக்டரிடம் படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஞாயிறு மதியம் போனில் இரண்டையும் படித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று, குழாய்: “மூன்றாம் நாள் ஸ்டானா டாக்ஸியிலிருந்து மெல்ல இறங்கினாள். கதவு திறந்தது. தெளிந்த சூப்பின் வாசனை வாசல்வரை வந்து அவளை அழைத்துப் போனது…”

முடிவு இரண்டு, வழி மாற்றம்: “ஸ்டானா டாக்ஸியிலிருந்து இறங்கினாள். கையில் மாத்திரைப் பை. கதவு திறந்தது. அடுப்பில் சூப் கொதிக்கும் சத்தம்…”

“நில்லு நில்லு” என்றாள். “ரெண்டுலயும் நான் டாக்ஸிய விட்டு இறங்கறேன். கதவு திறக்குது.”

“ஆமா.”

“யாரு திறந்தா?”

நான் தாளைப் பார்த்தேன். “கதையில அப்படித்தான் அக்கா. கதவு திறந்துக்கும்.”

“என் வீட்டுக் கதவு அப்படியெல்லாம் திறந்துக்காது. கீழ ஒரு உதை விடணும், மேல தோளால ஒரு இடி இடிக்கணும். வயித்துல தையலோட நான் எங்க இடிக்கறது? சரி, திறந்துச்சுன்னே வெச்சுக்க. சூப் யாரு வெச்சா?”

“ரூஜா…”

“ரூஜா பையனோட லின்ஸ் ஊருக்குப் போயி ஆறு மாசமாச்சு. உன்கிட்ட சொன்னேன்.”

சொல்லியிருந்தாள். அன்றும் என் அடுப்பில் ஏதோ தீய்ந்திருக்க வேண்டும்.

குடும்பக் கதை எழுதுகிறவள் நான். சூப்பில் எத்தனை கேரட் போட்டார்கள் என்பதுவரை எழுதுகிறவள். இரண்டு முடிவுகளிலும் சூப் கொதித்தது, வைத்தவர் இல்லை.

“விதா, இருக்கியா?”

“இருக்கேன்.”

“வழி மாத்தறதுதான் எனக்குச் சரி. அது எனக்கும் தெரியும்டி. ஆனா அதுக்குக் கண்டிப்பா முதல் ரெண்டு வாரம் வீட்ல யாராவது கூட இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். தலை சுத்தி விழுந்தா தூக்கறதுக்கு. படிவத்துல அதுக்குன்னு ஒரு கோடு போட்டிருக்கு, பேர் எழுத. குழாய்னா நான் தனியாவே சமாளிச்சுக்குவேன்னு அடம் பிடிச்சுப் பாக்கலாம்னு…”

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கப் போவதில்லை.

“நெஞ்செரிச்சல்?”

“இத்தனை வருஷம் அதோடதானே இருக்கேன். அதுவாச்சும் கூட இருக்கு.”

இப்போது அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

6

இரண்டு முடிவுகளையும் கிழித்துவிட்டேன்.

டாக்டரின் படிவத்தில் இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. ஒன்று, எந்த அறுவைச் சிகிச்சை. இன்னொன்று, கூட இருப்பவர் பெயர். முதலாவதுக்குப் பதில் இரண்டாவதில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஆகியிருக்கிறது. கதையிலும் அவற்றைக் காலியாகவே விடுகிறேன். அவள் அடுத்துச் சொன்னதைப் படித்துவிட்டு நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நல்லதாக எழுதத்தான் வேண்டும் என்றில்லை.

பக்கத்து அறையில் ஜிவான் இந்த வருடத்துக்கு எத்தனை கிலோ கெண்டை மீன் என்று மீன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அக்கா இன்னும் போனில்தான் இருந்தாள். அடுப்பைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. அதைச் சாக்காக வைத்துப் போனை வைக்க இந்த முறை மனம் வரவில்லை.

“விதா.”

“சொல்லு அக்கா.”

“இதைக் கேக்கக் கூடாது. அப்பா யாரையும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல.”

“ம்.”

“இந்த நிக்கோலாவுக்கு நம்ம வீட்டுக்கு வாடி. கோதுமைய நீ வேக வை. வர்றவங்களுக்கு நீ பரிமாறு. நான் உக்காந்துக்கறேன்.”