மாப்பிள்ளைக்கு என்ன ஆதாரம்?

யாகூபுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. சாதாரணமாகப் பிடிக்கவில்லை, புனேயின் போபோடியில் பைப்பும் குழாயும் விற்கும் தன் கடைக்கு வால்வு வாங்க வந்தவரிடமெல்லாம் பையனின் பெருமையை அளக்கும் அளவுக்குப் பிடித்துவிட்டது. போசரியில் ஒரு கம்பெனியில் தரச் சோதனை இன்ஜினியர். பிம்ப்ரியில் சொந்த ஃப்ளாட். சிகரெட் கிடையாது, ஜும்மா தொழுகை தவறியது கிடையாது. பூர்வீகமும் நம்ம கடையநல்லூர். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால் வால்வு வாங்க வந்தவர் என்ன சொல்வார், பாவம்? தலையாட்டிவிட்டு வால்வோடு நடையைக் கட்டுவார்.

மகள் அனீசா அப்படித் தலையாட்டுகிற ரகம் இல்லை. கட்கியில் ஒரு ஜூனியர் காலேஜில் பதினோராம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். வாதக் கட்டுரை சொல்லிக்கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கூச்சமே படாமல் அவளே சொல்லிக்கொள்வாள்.

அன்று காலையில்கூட தருண் என்ற மாணவனைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். 'புனேயில் பிளாஸ்டிக் பைத் தடை தோற்றுவிட்டது. நேற்று என் அம்மா பிளாஸ்டிக் பையில் தக்காளி வாங்கி வந்தார்' என்று எழுதியிருந்தான். பத்தி அத்தோடு முடிந்துவிட்டது. அனீசா ஓரத்தில் சிவப்பு மையில் மராத்தியில் "மக்?" என்று எழுதினாள். அதாவது, அப்புறம்? அதனால்?

"ஒரே ஒரு அம்மா, ஒரே ஒரு பை," என்றாள் வகுப்பைப் பார்த்து. "இதிலிருந்து ஊர் முழுக்கத் தடை தோற்றது என்ற இடத்துக்கு இவன் எப்படிப் போனான்? போன வழியைக் காணோம். ஆதாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அது தானாக நடந்து போய் உங்கள் கருத்தோடு ஒட்டிக்கொள்ளாது. இது ஏன் அதைக் காட்டுகிறது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்து எழுத வரவில்லையா? அப்போது ஆதாரம் தப்பு. இல்லாவிட்டால் கருத்தே தப்பு."

இப்படி ஒருத்தியிடம்தான் யாகூப் அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் பட்டியலை ஒப்பித்தார்.

"எல்லாம் சரி வாப்பா. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். அதுக்கு என்ன ஆதாரம்?"

"அவங்களே சொல்லிட்டாவல்லா பிள்ளே, ஒரு தடையும் கிடையாதுன்னு."

"சொன்னது சொன்னதுதான். ஃப்ளாட்டு வசதியைக் காட்டுது. ஜும்மா பக்தியைக் காட்டுது. இதுல எது என் வேலையைக் காட்டுது?"

"ஆதாரமாம் ஆதாரம்! மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்கா பாரு," என்று யாகூப் மனைவியிடம் முறையிட்டார். அவளோ மகளின் பக்கம் சாய்ந்தவள், சிரித்துக்கொண்டாள்.

அனீசாவுக்கு இது விளையாட்டில்லை. வகுப்பறையில் நிற்கும்போது அவளுக்கு இருக்கும் சந்தோஷம் வேறெங்கும் கிடைத்ததில்லை. அதைக் கொடுத்துவிட்டுக் கல்யாணம் வாங்க அவள் தயாராக இல்லை. இதுவும் தட்டிப்போனால் வாப்பாவின் முகம் வாடிவிடுமே என்ற வருத்தம் இருந்தது, ஆனாலும் மனசு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் ஆசிஃப், அவன் அம்மா, துபாயில் இருக்கும் அண்ணனின் மனைவி ஹாஜிரா. அனீசா டீயை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வீட்ல பொம்பளப் பிள்ளைவளுக்கு முழுச் சுதந்திரம்," என்றார் ஆசிஃபின் அம்மா. "இந்தா, எங்க மூத்த மருமவ காரே ஓட்டுதா!"

யாகூப் மகளைப் பெருமையாகப் பார்த்தார். கேட்டாயா, கார்!

அனீசா ஹாஜிராவிடம் திரும்பினாள். "எங்கக்கா ஓட்டிட்டுப் போவீங்க?"

"பிள்ளைகளை ஸ்கூல்ல விட. அப்புறம் கூட்டிட்டு வர."

"முன்னாடி வேலை பார்த்தீங்களா?"

"பேங்க்ல இருந்தேன்..."

"அவளாத்தான் விட்டுட்டா," என்று மாமியார் முடித்துவைத்தார். ஹாஜிரா சமோசாத் தட்டைப் பார்த்தாள். யாகூபுக்கு ஏனோ இருமல் வந்தது.

பெண்ணும் பையனும் கொஞ்சம் பேசட்டும் என்று பால்கனிக்கு அனுப்பினார்கள். ஆசிஃபே ஆரம்பித்தான். "நீங்க தாராளமா வேலைக்குப் போகலாம். நான் ப்ராமிஸ் பண்றேன்."

"ப்ராமிஸ்ங்கறது சொன்னதையே இன்னும் சத்தமாச் சொல்றது. என் ஸ்டூடன்ட்ஸும் இதைத்தான் செய்வாங்க. ஆதாரம் இருக்கா?"

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் கோபிக்கவில்லை. கீழே ரிக்‌ஷாக்கள் போவதைப் பார்த்தபடி நிஜமாகவே யோசித்தான்.

"இருக்கு. ஆனா எனக்கு எதிரா இருக்கு," என்றான். "போன வருஷம் மதினி திரும்ப பேங்குக்குப் போறேன்னாங்க. அவங்க பழைய மேனேஜரே கூப்பிட்டிருந்தார். மத்தியானம் பிள்ளைகளை யாரு கூட்டிட்டு வர்றதுன்னு உம்மா கேட்டாங்க. நான் அங்கதான் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தேன். ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டு முடிச்சு எந்திரிச்சுப் போயிட்டேன்."

அனீசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடவே, இதைச் சொன்னானே என்று அவன்மேல் ஒரு பிரியமும் வந்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல்.

"நீங்க மறைக்கலை. அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இதை வச்சு நான் சரின்னு சொல்ல முடியாது."

"புரியுது. என்ன ஆதாரம் இருந்தா சொல்வீங்க?"

"அதை நான் சொல்லிக்கொடுத்து நீங்க செஞ்சா, அது எனக்காகப் போட்ட வேஷம் ஆயிடும்."

யாகூப், "யோசிச்சுச் சொல்லுதோம்," என்று அவர்களை வழியனுப்பிவிட்டு இரண்டு நாள் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினார், வேறென்ன செய்வார்? அந்தப் பக்கமிருந்தும் சத்தமில்லை. அனீசா வழக்கம்போல வகுப்புக்குப் போனாள், தாள் திருத்தினாள். பால்கனியில் நின்ற முகம் அவ்வப்போது நினைவுக்கு வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

தீபாவளி லீவு முடிந்து பள்ளிகள் திறந்தன. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த யாகூப், மகளை ரொம்ப மரியாதையாகப் பார்த்தார்.

"நீ வேண்டாம்னது நல்லதாப் போச்சு பிள்ளே. அந்தப் பையனுக்கு வேலை போயிட்டு போல."

"யாரு சொன்னா?"

"நம்ம ஜெயசீலன். பிம்ப்ரிக் கடைகளுக்குச் சரக்குப் போடப் போறவன், நான் காட்டின போட்டோவுல இருந்த அதே பையனைக் கண்ணால பாத்திருக்கான். வேலை நாள்ல, பட்டப்பகல்ல, ஒரு ஸ்கூல் வாசல்ல நிக்கான். வேலை இருக்கவன் அந்நேரம் தெருவுல நிப்பானா?"

அனீசா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். "சும்மாவா நின்னாரு?"

"ரெண்டு பிள்ளைவ கூட. ஆளுக்கொரு பை, ரெண்டையும் இவன் தோள்ல மாட்டிக்கிட்டு, சின்னதை இடுப்புல வேற தூக்கிக்கிட்டு. ஒருநாள் ரெண்டுநாள் இல்லையாம். தினமும் வாரான்னு அந்த வாச்மேனே சொன்னானாம்."

"அரே வாப்பா!" அனீசாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஜெயசீலன் மாமா பார்த்தது நிஜம். அதுல இருந்து அவரு போன வழிதான் தப்பு. வேலை போனவரு எதுக்குத் தினமும் சரியா ஸ்கூல் விடற நேரத்துக்கு வரணும்? போசரியில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மத்தியானமே விட்டுடும்ல? அவரு ஷிஃப்ட் மாத்தியிருக்காரு. பிள்ளைகளைக் கூட்டிட்டு வர வேண்டிய ஆள் இப்போ வேற எங்கேயோ இருக்காங்க."

"எங்க?"

வாயில் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். ஆசைப்பட்ட பக்கமே ஆதாரத்தைத் தள்ளுவதும் தருண் செய்த தப்புதான். மறுநாள் சனிக்கிழமை, காலேஜ் லீவு. கடை திறந்து வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, வாப்பாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, பெண் பார்க்க வந்த அன்று வாங்கிவைத்திருந்த நம்பரில் ஹாஜிராவை அழைத்தாள்.

"அக்கா, நான் அனீசா. பேசலாமா?"

"சாயங்காலம் பேசட்டுமாம்மா?" ஹாஜிரா தணிந்த குரலில் சொன்னாள். பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். "பேங்க்ல இருக்கேன். கஸ்டமர் லைன்ல நிக்காங்க."

யாகூப் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

"எப்போ சேர்ந்தீங்க?"

"லீவு முடிஞ்சதும். வீட்ல பெரிய சண்டை. பிள்ளைகளை நான் கூட்டிட்டு வர்றேன்னு ஆசிஃப் தம்பி ஒத்தக்கால்ல நின்னாரு." ஹாஜிரா கொஞ்சம் தயங்கினாள். "உங்ககிட்ட மட்டும் சொல்லிடக் கூடாதுன்னாரு. அந்தப் பொண்ணு என்ன முடிவு எடுத்தாலும் நீங்க வேலைக்குப் போகணும் மதினி, அதையும் இதையும் சேர்க்காதீங்கன்னாரு. நீங்களா கேட்டதால சொல்லிட்டேன்."

அனீசா போனை வைத்தாள். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"அப்போ," என்று யாகூப் தொண்டையைச் செருமினார், "அவங்க வீட்டுக்குப் போன் போட்டு, எங்களுக்குச் சம்மதம்னு சொல்லிடட்டா?"

"நீங்க அவங்க உம்மாகிட்ட அப்புறமாச் சொல்லுங்க வாப்பா," என்றாள் அனீசா. "முதல்ல அவரு நம்பரைக் கொடுங்க. அவருகிட்ட நான் சொல்றேன்."